விட்டேக்கரைக் கொடுக்கக் கூடாது

மோர்னிங்சைட்
ஒக்ரோபர் 14

அன்புள்ள அத்தானுக்கு வாகீசன் எழுதுவது,

அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் இறங்க முதலே அந்தப் பெரிய சப்பாத்தை எடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒட்டாவாவில் உங்கள் பெடியன் மிதுனன் படிக்கிறானா, இல்லை, படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஐஸில் நிற்கிறானா? இங்கே துர்க்கா சுகம். நானும் இருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி நாலு மணித்தியாலம் மெஷினில் கொழுவி விடுகிறார்கள். என் கிட்னி இரண்டும் செய்யாத வேலையை அது செய்கிறது. பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மொன்றியல் ஹொக்கி ரீமின் ஆள். அந்த வருத்தத்துக்கு மெஷின் இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஐந்து ஆட்டம், மூன்று தோல்வி. பின்னால் நின்று மறிக்க எங்களிடம் ஆள் இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிகிறது, மனேச்சருக்கு மட்டும் தெரியவில்லை. முப்பத்தைந்து வயது டுமோனை வாங்கினால் இந்த வருசமே கோப்பை. அவனுக்குப் பதிலாக விட்டேக்கரைக் கேட்கிறார்களாம். கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! பத்தொன்பது வயது. ரீம்கள் முறைவைத்துப் புதுப் பெடியங்களைத் தெரிவு செய்கிற டிராஃப்டில் முதல் சுற்றில் எடுத்த பிள்ளை என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். அவன் முற்றி வர நாலு வருசம் வேண்டும். கோப்பையை நான் கண் திறந்திருக்கும்போது பார்க்க வேண்டும் அத்தான்.

இதைப் போனில் கத்தியிருப்பேன். அக்காவின் சட்டம் இருக்கிறதே! உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளில், ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால், மைக் திறந்திருப்பதை மறந்து நாங்கள் டிராஃப்டுக்குச் சண்டை பிடித்த நாளிலிருந்து ஹொக்கிக் கதை கடதாசியில் மட்டும்தான். பத்து வருசம். உறையின் மூலையில் வழமைபோல நீலப் பேனையால் 'ஹொ' போட்டிருக்கிறேன். அக்கா தொடமாட்டா.

எனக்குக் கிட்னி தருவதற்கு நீங்கள் பெயர் கொடுத்தீர்களே, அந்த டெஸ்ட் முடிவு வந்ததா? அவசரமில்லை. சும்மா கேட்டேன்.

தோற்றாலும் விடாத,
வாகீசன்


ஒஷாவா
ஒக்ரோபர் 29

அன்பு மச்சான் வாகீசனுக்கு,

யோகராணியின் முழங்கால் பரவாயில்லை. சப்பாத்து விசயத்தில் நீ சொன்னாலும் கேட்கமாட்டாள், நான் சொன்னாலும் கேட்கமாட்டாள். உன் கடிதத்தை வழமைபோல மிதுனன்தான் உடைத்தான். வார விடுமுறைக்கு வந்திருந்தான். ஆறு வருசம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஏறாத தமிழ், நீ என்னைத் திட்டி எழுதின கடிதங்களில் அவனுக்கு ஏறியது. இப்போது எனக்குத் தெரியாத கெட்ட சொல்லும் அவனுக்குத் தெரியும்.

டுமோனை வாங்குவதா? உனக்கு விசரா? அவன் திரும்புவதற்குள் எதிராளி கோல் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். விட்டேக்கர் திரும்புகிற வேகத்தைப் பார்த்தாயா? அந்தப் பிள்ளையின் வயதில் இப்படி மறிக்கிற ஒருவனை நான் முப்பது வருசத்தில் பார்க்கவில்லை. இன்றைக்குப் பசிக்கிறது என்று விதைநெல்லை அவிக்கச் சொல்கிறாய். முதல் சுற்றில் எடுத்த பிள்ளையைக் கொடுக்கிற ரீம் உருப்படாது. பொறு.

டெஸ்ட் விசயம். என்னைச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். இரத்தத்தில் சீனியாம். வாங்குகிற ஆளுக்கு விபரம் அவர்கள் சொல்வதில்லை.

அடுத்த கிழமை மொன்றியலோடு ஆட்டம். உன் பக்கத்துக் கதிரைக் கிழவரிடம் தோற்றுவிடாதே.

பொறுமையோடு,
நவரட்ணம்


மோர்னிங்சைட்
நவம்பர் 6

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. துர்க்காதான் தள்ளினாள், நான் யன்னலில் நின்று வழி சொன்னேன்.

சீனி என்று கேட்டதும் நீங்கள் மனம் உடைந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அத்தான், பெயர் கொடுத்தீர்களே, அது போதும். கூடப் பிறந்தவன் கூட அப்படி முன்வர மாட்டான். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். துர்க்காவுக்குப் பிரஷர், அவளிடமும் எடுக்கமாட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. இறந்தவர்களின் கிட்னிக்கான வரிசையில் நிற்கிறேன். நாலைந்து வருசம் ஆகுமாம். டொக்டர் வேறும் சில சொன்னார், அதெல்லாம் அவர்கள் எல்லோருக்கும் சொல்கிறதுதான்.

நாலு வருசம்! விட்டேக்கர் முற்றுகிற நேரமும் அதுதான். எனக்கு எந்த வரிசையிலும் நிற்கப் பொறுமை இல்லை. டுமோனை வாங்கு என்கிறேன். மொன்றியலிடம் தோற்றோம். கிழவர் நாலு மணித்தியாலமும் சிரித்தார்.

மெஷினில் கட்டுண்ட,
வாகீசன்


ஒஷாவா
ஜனவரி 8

அன்புள்ள வாகீசன்,

தபால்காரரின் வேலைநிறுத்தம் முடிந்து மூன்று கிழமையாகிவிட்டது. இனி அதைச் சாட்டி எழுதாமல் இருக்க முடியாது. நீ எப்படி இருக்கிறாய்? துர்க்கா எப்படி?

இதில் ஹொக்கி இல்லை. மிதுனன் உனக்குக் கிட்னி கொடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறான். நத்தார் லீவுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் சொன்னான். இரத்தம் பொருந்துகிறதாம். “அப்பாவுக்கு ஏலாது, மாமிக்கும் ஏலாது. அப்ப நான்தானே” என்றான். யோகராணி கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் பிள்ளை. அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் சொன்னால் இந்த வீட்டில் நான் இருக்க முடியாது.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, வாகீசன். இருபத்தொரு வயது. ஒன்றும் ஆகாது என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். யாருக்கோ ஒருவனுக்கு ஆகும் என்பதையும் சின்ன எழுத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். அந்தத் தாளை நான் மனப்பாடமாக்கிவிட்டேன்.

நீ வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடு. வாங்குகிறவன் மறுத்தால் அவர்கள் செய்யமாட்டார்கள். அவன் கேட்டால் வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லு. இது கேவலமான கடிதம் என்று எனக்குத் தெரியும். உன் காலில் விழுகிறேன். பதிலை 'ஹொ' போட்டே அனுப்பு. யோகராணி தொடமாட்டாள்.

நவரட்ணம்


ஒஷாவா
பெப்ரவரி 3

வாகீசன்,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? அவனுக்கு அடுத்த மாதம் ஸ்கான் எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள். நேற்றைய ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. யார் வென்றது என்றும் தெரியாது. ஒரு வரி எழுது.

நவரட்ணம்


மோர்னிங்சைட்
பெப்ரவரி 15

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உறையில் இருப்பது துர்க்காவின் எழுத்து. என் கை கொஞ்சம் நடுங்குகிறது, குளிர்தான்.

அந்த விசயம் முடிந்தது. மிதுனனிடமிருந்து எடுக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, துர்க்காவுக்கும் தெரியாது. நீங்கள் எழுதாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எழுதப் பார்த்தேன். பேனை ஓடவில்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது அத்தான். உங்கள் கடிதம் கிடைத்த பிறகும் ஒரு மாதம் அந்த ஆசையை வைத்துக்கொண்டு இருந்தேன். அதுதான் பதில் பிந்தியது. மன்னியுங்கள்.

விட்டேக்கர் விசயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. அந்தப் பெடியனைக் கொடுக்கக் கூடாது. டுமோனைப் பற்றி நான் எழுதினதையெல்லாம் கிழித்துவிடுங்கள்.

உங்கள்,
வாகீசன்


ஒஷாவா
பெப்ரவரி 21

மாமா,

நான் மிதுனன். நீங்களும் மாமியும் சுகமாக இருக்கோணும். பிழை இருந்தால் சொறி, தமிழில நான் எழுதுற முதல் கடிதம் இது. ரீடிங் வீக் லீவுக்கு வீட்டை வந்தனான். தபால்பெட்டிக்குள்ள 'ஹொ' கிடந்தது, உடைச்சன். சின்னனில இருந்து நான்தானே உடைக்கிறது. அப்பா அதை மறந்துபோனார்.

ரெண்டு தரம் வாசிச்சன். பிறகு அப்பாட்டைக் காட்டினன். அவர் கராஜுக்குப் போய் ஸ்னோ தள்ளுற மெஷினைத் துடைச்சுக்கொண்டு நிண்டார். அம்மாவுக்கு நான் சொல்லேல்லை. அப்பாவோடை கதைக்கிறதை விட்டிட்டன்.

ஆரைக் குடுக்கிறது, ஆரை வைச்சிருக்கிறது எண்டு நீங்கள் ரெண்டு பேரும் பத்து வருசமா எழுதுறியள். விட்டேக்கரிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. ஹொக்கியில அது ரூல், ஓகே. ஆனா என்னை ஆர் டிராஃப்ட் பண்ணினது? எந்த ரீமும் என்னை எடுக்கேல்லை மாமா. நான் கோல் மறிக்கிற ஒரு சுமாரான கோலி. உங்களுக்குத் தெரியும்.

அப்பா அப்ப வேலையால விடியத்தான் வருவார். காலமை அஞ்சு மணிக்கு மோர்னிங்சைட்டில இருந்து வந்து என்னை ஐஸ் ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். எட்டு வருசம். என்ரை ஸ்கேற்றுக்கு லேஸ் இறுக்கினது நீங்கள். நான் ஒரு மட்சில ஒன்பது கோல் விட்டன். காருக்குள்ள அழுதன். “கடைசி வரைக்கும் நிண்டனிதானே” எண்டு சொன்னனீங்கள். பிறகு டோனட் வாங்கித் தந்தனீங்கள்.

நான் இப்பவும் நிக்கிறன். நீங்கள் பாதியில வெளியால போகாதையுங்கோ. பிளீஸ் மாமா.

மிதுனன்


மோர்னிங்சைட்
மார்ச் 4

அன்பு மருமகன் மிதுனனுக்கு,

உன் தமிழில் நாலு பிழைதான். உன் அப்பா அதைவிடக் கூட விடுவார். சாப்பிடுகிறாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மெஷினில் இருந்தபடி வாசித்தேன். கிழவர் என்னவென்று கேட்டார். கண்ணுக்குள் ஏதோ விழுந்துவிட்டது என்றேன்.

அப்பாவைக் கோவியாதே. எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். அவர் தன்னால் தர முடியாமல் போனதற்கே குமைந்துகொண்டிருக்கிறார். அவரோடு கதை.

என் பதில் மாறாது. நீ கல்யாணம் செய்ய வேண்டும், பிள்ளைகளை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உனக்கு வெட்டின இடத்தைப் பார்த்துக்கொண்டு உன் அம்மாவின் கையால் நான் எப்படிச் சோறு வாங்கித் தின்பது? இனி இதைப் பற்றி எழுதாதே. ஹொக்கி எழுது.

மாமா


ஒஷாவா
ஏப்ரல் 12

அன்புள்ள வாகீசன்,

நீ எப்படி இருக்கிறாய்? போன் எடுத்தால் துர்க்கா நீ படுத்திருக்கிறாய் என்கிறாள். எந்த நேரம் எடுத்தாலும் படுத்திருக்கிறாய்.

விட்டேக்கரைக் கொடுத்துவிட்டார்கள். ரீம்கள் ஆட்டக்காரரை மாற்றுவதற்கான கடைசி நாளில் கொடுத்தார்கள். அவன் விமானம் ஏறும்போது சிரித்துக் கையசைத்ததை டிவியில் காட்டினார்கள். டுமோன் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் முறிந்து படுத்துவிட்டான். நான் சொன்னது சரி என்று உனக்குக் காட்ட ஆறு மாதமாகக் காத்திருந்தேன். இப்போது அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

மிதுனன் வந்தால் தாயோடு மட்டும் கதைக்கிறான். என்ன நடந்தது என்று யோகராணி இரண்டு பேரையும் கேட்டுக் களைத்துவிட்டாள்.

போன கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போய் என்னிடம் எடுங்கள் என்றேன். எல்லா டெஸ்டும் செய்தார்கள். எனக்குச் சீனி, நல்லாய் ஏறிக் கிடக்கிறது. ஏலாது என்றார்கள். தாதியின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி எழுதப் போவதை இருந்துகொண்டு வாசி. புரட்டாதியில் நான் டெஸ்டுக்குப் போகவில்லை. பெயர் கொடுத்தது உண்மை. அந்த நாள் ஆஸ்பத்திரிக் கார் பார்க் வரைக்கும் போனதும் உண்மை. ரேடியோவில் விட்டேக்கரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அது முடிய இறங்குவோம் என்று இருந்தேன். முடிந்தது. பிறகு இன்னொன்று தொடங்கியது. மூன்று மணித்தியாலம் காருக்குள் இருந்தேன், கதவைத் திறக்கக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து சீனி என்று சொன்னேன். ஏலாது என்று நான் சொன்னபடியால்தான் என் பிள்ளை தான் போகிறேன் என்று எழும்பினான். என் பயத்துக்கு அவனைப் பிணை வைத்தேன். பிறகு அவனைக் காப்பாற்ற உன்னைச் சாகச் சொன்னேன். நீ எனக்கு நன்றி எழுதினாய். அந்தக் கடிதத்தை என்னால் வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

யோகராணிக்கும் மிதுனனுக்கும் இது தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். என்னைத் திட்டு, முகத்தில் முழியாதே. ஆனால் பெடியனிடம் வாங்கிக்கொள். பெற்ற தகப்பன் கேட்கிறேன், வாங்கிக்கொள்.

நவரட்ணம்


மோர்னிங்சைட்
மே 2

நவரட்ணம் அண்ணைக்குத் துர்க்கா எழுதுவது,

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஹொக்கிக் கடிதத்தை வாழ்க்கையில் முதல் தரம் உடைத்தேன். அவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், நெஞ்சில் தண்ணீர் கட்டிவிட்டது. இதயம் களைத்துவிட்டது, மெஷினை நாலு வருசம் தாங்காது என்று டொக்டர் ஒக்ரோபரிலேயே அவருக்குச் சொன்னாராம். எனக்கு அவர் சொல்லவில்லை. இப்போது கண்ணும் மங்கல். கடிதத்தை வாசிக்கச் சொன்னார். கட்டிலடியில் இருந்து வாசித்தேன்.

விட்டேக்கர் போனதை வாசித்தேன். டுமோனின் கால் முறிந்ததற்குச் சிரித்தார். நீங்கள் திரும்பவும் டெஸ்டுக்குப் போனதை வாசித்தேன், “பாவம் அத்தான்” என்றார். கார் பார்க் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. பெடியனிடம் வாங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடித்தேன். “அவ்வளவுதானோ?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

உங்களில் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தக் கொப்பி காணாது. அதனால் எழுதவில்லை.

அவர் முடியாது, முடியாது என்றே நின்றார். “பிள்ளையின்ரை உடம்பைக் கேக்கிறியே” என்றார். “ஓம், கேக்கிறன்” என்றேன். “நீங்கள் செத்தா நான் ஆரோடை இருக்கிறது? உங்கடை கடிதத்தில ஒரு இடத்திலயும் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை.” அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பின்னேரம் மிதுனனுக்குப் போன் எடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ஓம் என்றார். ஸ்கானுக்குத் திரும்ப நாள் எடுத்திருக்கிறோம்.

ஒன்று சொல்கிறேன். கார் பார்க் கதையை அவருக்கு ஒருநாளும் சொல்லக் கூடாது. மச்சாளுக்கும் பிள்ளைக்கும் கூடத்தான். சொன்னால் உங்கள் பாரம் இறங்கும், அவர்களுக்கு ஏறும். அத்தான் தனக்காகப் பெயர் கொடுத்தார் என்று அவர் வருகிற தாதிமாருக்கெல்லாம் சொல்கிறார். அது அவரிடம் இருக்கட்டும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

துர்க்கா


ஆஸ்பத்திரி, நாலாம் மாடி
ஜூன் 27

அன்பு மச்சான் வாகீசனுக்கு,

நீ கண் முழித்து வாசிக்க இதை எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். அவனும் சுகமாக இருக்க வேண்டும். காலமை ஏழரைக்கு முதலில் அவனைக் கொண்டு போனார்கள், பிறகு உன்னை. யோகராணியும் துர்க்காவும் ஒரு போர்வையைப் போர்த்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருக்கிறார்கள். யோகராணியைக் கேட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். “எழுதுங்கோ, ஹொக்கிதானே” என்றாள்.

இன்று மாலை டிராஃப்ட். மூலையில் இருக்கிற டிவியில் காலமையிலிருந்து அதைத்தான் கதைக்கிறார்கள். டுமோனுக்காக இந்த வருச முதல் சுற்றுத் தெரிவையும் விட்டேக்கரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், மடையர்கள். எங்களுக்கு நாளைக்கு இரண்டாம் சுற்றில்தான் ஆள். ஒரு கோலி கிடைப்பானாம், வடக்கு ஒன்ராறியோப் பெடியன். எனக்கு அவன் வேண்டாம் என்று படுகிறது. நீ வேண்டும் என்று எழுதுவாய். எழுது. நல்லாய்த் திட்டி எழுது.

அந்தப் பெடியங்கள் கோட்டுச் சூட்டோடு தாய் தகப்பனுக்கு நடுவில் வந்து இறங்குகிறதைக் காட்டினார்கள். ஒரு தகப்பன் மகனின் கழுத்து ரையை நேராக்கிவிட்டார். மிதுனன் காலமை உள்ளே போக முதல் என்னைப் பார்த்தான். பெப்ரவரிக்குப் பிறகு முதல் தரம் என்னோடு கதைத்தான். “அப்பா, செருப்பை வைச்சிருங்கோ” என்றான். செருப்பு என் மடியில் இருக்கிறது.

துர்க்கா எழும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று இதுவரைக்கும் வாசித்தாள். திரும்பிப் போய்ப் போர்வைக்குள் இருந்துவிட்டாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. உனக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. தாளில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை அப்படியே மடித்து, மூலையில் 'ஹொ' போட்டு வைக்கிறேன்.

வாசலில் இருக்கும்,
நவரட்ணம்